கரும்பு லோடு இழுக்க 45 எச்பி போதுமா, 50-க்கு மேல் போகலாமா?

கெடிலக்கரை:
வணக்கம். உளுந்தூர்பேட்டை பக்கம் எங்களுக்கு நாலரை ஏக்கர் கரும்பு. இத்தனை வருடமும் வாடகை வண்டியில்தான் ஆலைக்கு அனுப்பினோம். போன பருவத்தில் கட்டிங் ஆர்டர் வந்து, ஆளும் வந்து வெட்டிப் போட்ட பிறகு வண்டி கிடைக்கவில்லை. மூன்று நாள் கரும்பு வெயிலில் கிடந்து எடை குறைந்ததைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. அதனால் சொந்தமாக டிராக்டரும் டிரெய்லரும் வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாலைந்து பேர் கரும்பையும் ஏற்றினால் தவணை கட்டிவிடலாம்.

வழி இதுதான்: வயலிலிருந்து ரோட்டுக்கு 400 மீட்டர் களிமண் வண்டிப்பாதை, அப்புறம் ஆற்றுத் தரைப்பாலம், பாலத்தைத் தாண்டியதும் நல்ல ஏற்றம், அதன் பிறகு 22 கிலோமீட்டர் தார் ரோடு. ஒரு நடைக்கு டிரெய்லரோடு சேர்த்து 12 டன் வரும். ஷோரூமில் 45 எச்பி தாராளம் என்கிறார்கள். மச்சான் 55 எச்பி நாலு சக்கர டிரைவ் எடு என்கிறார். இன்னொருவர் பழைய லாரி வாங்கச் சொல்கிறார். உழவும் ரொட்டவேட்டரும் கொஞ்சம் ஓட்டுவேன், ஆனால் முக்கிய வேலை லோடுதான். லோடு அடிக்கிறவர்கள் சொல்லுங்கள்.

மேட்டாங்காடு:
லாரி வேண்டாம். மழை பெய்த வயலுக்குள் லாரி இறங்கினால் அதை வெளியே இழுக்க ஒரு டிராக்டர் தேட வேண்டியிருக்கும். பருவம் முடிந்தால் மீதி மாதமெல்லாம் சும்மா நிற்கும். டிராக்டர் என்றால் உழவாவது நடக்கும்.

நான் 14 வருடமாக மஹிந்திரா 575-இல் லோடு அடிக்கிறேன். 45-தான். சமதளத்தில் குறையே இல்லை. உங்கள் தரைப்பால ஏற்றத்தை நினைத்தால்தான் யோசனையாக இருக்கிறது. ஏற்றத்தில் நடுவில் கியர் மாற்ற நேர்ந்தால் கிளட்ச் தட்டு போய்விடும். அடியிலேயே லோ கியர் போட்டு, ஒரே ரேஸில் மேலே வர வேண்டும்.

பட்டறை 28:
தம்பி, எச்பியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். என் பட்டறைக்கு வரும் லோடு வண்டிகளில் இன்ஜின் தோற்றுப்போனது குறைவு. கிளட்ச், பிரேக், பின் ஆக்ஸில், கொக்கி இவைதான் தோற்கும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். டிரெய்லரும் கரும்பும் 12 டன், டிராக்டர் 2 டன், ஆக 14 டன். ஏற்றம் 100 அடிக்கு 5 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு மட்டும் 700 கிலோ இழுவை வேண்டும். தார் ரோட்டில் டயர் உருள 100-க்கு 2 பங்கு என்றால் அது ஒரு 280 கிலோ. கிட்டத்தட்ட ஒரு டன் இழுவை. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் இதை இழுக்க 36 எச்பி சக்கரத்தில் கிடைக்க வேண்டும். 45 எச்பி இன்ஜினில் கியர்பாக்ஸ் தின்றது போக அவ்வளவுதான் மிஞ்சும். ஆக 45 ஏறும், ஆனால் மூச்சு முட்ட ஏறும். அதே ஏற்றத்தை 20-இல் ஏற வேண்டும் என்றால் 72 எச்பி கேட்கும், 55 வாங்கினாலும் முடியாது. ஏற்றத்தில் மெதுவாகத்தான் போக வேண்டும் என்று ஒப்புக்கொண்டால் 45-க்கும் 55-க்கும் நடுவில் பெரிய வித்தியாசம் தெரியாது.

உங்களுக்கு உண்மையான சிக்கல் அந்த 400 மீட்டர் களிமண். ஈர மண்ணில் டயர் புதைந்து உருள 100-க்கு 8 பங்காவது கேட்கும். 14 டன்னுக்கு 1,100 கிலோவுக்கு மேல் இழுவை, அதுவும் சமதளத்திலேயே. இரு சக்கர டிரைவ் வண்டியில் பின் சக்கரத்தில் இருக்கும் எடை ஒன்றேகால் டன்தான், ஈர மண்ணில் அதில் பாதி கூடப் பிடிமானம் வராது, 500 கிலோ இழுக்கும்போதே சக்கரம் வழுக்க ஆரம்பித்துவிடும். இன்ஜினில் எவ்வளவு எச்பி இருந்தாலும் டயர் அந்த இடத்திலேயே சுற்றிப் பள்ளம் பறிக்கும். நாலு சக்கர டிரைவ் என்றால் வண்டியின் முழு எடையும் பிடிமானத்துக்கு வரும், 900 கிலோ வரை இழுக்கலாம். மச்சான் சொன்னதில் 55-ஐ விட்டுவிடுங்கள், நாலு சக்கர டிரைவை விடாதீர்கள்.

இன்னொன்று. 2023 ஜனவரியிலிருந்து 50 எச்பிக்கு மேற்பட்ட டிராக்டருக்கு டிரெம் 4 புகை விதி வந்துவிட்டது. அந்த வண்டிகளில் எலக்ட்ரானிக் டீசல் பம்ப், சென்சார் எல்லாம் இருக்கும். நல்ல இன்ஜின்தான், ஆனால் விலை கூடுதல், வயலில் நின்றுவிட்டால் உள்ளூர் மெக்கானிக் ஸ்பானரோடு வந்து சரிசெய்ய முடியாது. அதனால்தான் கம்பெனிகள் 50-க்குள் இத்தனை மாடல் விடுகின்றன. 47 முதல் 50-க்குள், நாலு சக்கர டிரைவ், ஆயில் பிரேக் (தட்டுகள் ஆயிலில் மூழ்கியிருக்கும் பிரேக்). என் யோசனை அதுதான். ஜான் டீர் 5050 டி, ஸ்வராஜ் 855, நியூ ஹாலந்து 3630 எல்லாம் ஓட்டிப் பாருங்கள். எந்தக் கம்பெனி என்பதை உங்கள் ஊரிலிருந்து எந்த சர்வீஸ் சென்டர் பக்கமோ அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

கெடிலக்கரை:
அண்ணா, இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு நன்றி. நாலு சக்கர டிரைவே 900 கிலோதான் இழுக்கும், தேவை 1,100 என்றால் ஈரத்தில் அதுவும் மாட்டுமே? டிரெய்லரும் இன்னும் வாங்கவில்லை. இரண்டு சக்கரமா, நாலு சக்கரமா?

பட்டறை 28:
மாட்டும். அதனால் ஈரமாக இருக்கும்போது வயலில் பாதி லோடு ஏற்றி, ரோட்டோரம் கொண்டுவந்து மீதியை ஏற்றுங்கள். வெட்டு ஆட்கள் முணுமுணுப்பார்கள், கூலி கொஞ்சம் கூடும், ஆனால் சேற்றில் மாட்டிய 12 டன்னை எடுக்க ஆகும் செலவைவிட அது குறைவு.

டிரெய்லர் விஷயம் முக்கியம். நாலு சக்கர டிரெய்லர் தன் எடையைத் தானே தாங்கும், டிராக்டர் கொக்கியில் ஒன்றும் இறங்காது. இரண்டு சக்கர டிரெய்லரில் லோடின் ஒரு பங்கு கொக்கி வழியாகப் பின் டயரில் இறங்கும், அதனால் பிடிமானம் கூடும், சேற்றில் அதுதான் நல்லது. ஆனால் ஏற்றத்தில் மூக்கு தூக்கும். ஸ்டியரிங் லேசானது போலத் தெரிந்தால் முன் சக்கரம் தரையை விடுகிறது என்று அர்த்தம். முன்னால் வெயிட் பிளேட் மாட்டுங்கள். கொக்கியை எந்தக் காரணம் கொண்டும் மேலே ஏற்றி மாட்டாதீர்கள், டாப் லிங்க் இடத்தில், அதாவது பின்னால் கருவி மாட்டும் மேல் கை இருக்கும் இடத்தில், சங்கிலி கட்டி இழுக்கவே இழுக்காதீர்கள், வண்டி அப்படியே பின்னால் மல்லாந்துவிடும், ஓட்டுபவர் குதிக்கக்கூட நேரம் இருக்காது. கரும்பை அடுக்கும்போதும் பின்பாரம் வைக்காதீர்கள். பின்பாரம் கொக்கியை மேலே தூக்கும், டயரில் இருக்கும் பிடிமானமும் போய்விடும்.

பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் அடைக்கலாம். 14.9-28 டயரில் ஒன்றுக்கு 200 லிட்டர் பிடிக்கும். இரண்டு டயருக்கும் சேர்த்து 400 கிலோ எடை, செலவே இல்லாமல்.

மேட்டாங்காடு:
இழுப்பதைப் பற்றியே பேசுகிறோம், நிறுத்துவதைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஓடுகிற டிரெய்லர்களில் பெரும்பாலும் பிரேக் கிடையாது. 2 டன் வண்டியின் பின் சக்கர பிரேக்தான் 14 டன்னையும் நிறுத்த வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் நான் ஒரு இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டேன். எல்லோரும் செய்கிறார்களே என்று நானும் செய்தேன். கீழே ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. பிரேக் மிதித்தேன். உழவு ஓட்டிவிட்டு வந்த வண்டி, இடது வலது பிரேக் பெடல் இரண்டையும் இணைக்கும் லாக்கைப் போட மறந்திருந்தேன். ஒரு பக்கம் மட்டும் பிடித்தது. பின்னால் இருந்த டிரெய்லர் தள்ளி, வண்டி கத்திரி மாதிரி மடங்கி வாய்க்காலில் இறங்கியது. எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு போயிற்று. மட்கார்டில் உட்கார்ந்து வருகிறேன் என்று கேட்ட என் தங்கை மகனை அன்றைக்கு ஏதோ காரணத்தால் வேண்டாம் என்று இறக்கிவிட்டிருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கை நடுங்குகிறது.

ரோட்டில் ஏறும் முன் பிரேக் லாக்கைப் போடுங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். மட்கார்டிலும் லோடு மேலும் ஆளை ஏற்றாதீர்கள், அது எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும் சரி. டிரெய்லர் செய்யக் கொடுக்கும்போதே பிரேக் வைத்துத் தரச் சொல்லுங்கள், செலவானாலும் பரவாயில்லை.

வடக்குவாசல்:
நான் லோடு அடிப்பவன் அல்ல, ராத்திரி பைக்கில் வேலைக்குப் போய் வருபவன். ஒரு வேண்டுகோள் மட்டும். கரும்பு பின்னால் நீட்டிக்கொண்டு பின் விளக்கை மறைத்துவிடுகிறது. இருட்டில் பக்கத்தில் வரும் வரை முன்னால் டிரெய்லர் இருப்பதே தெரிவதில்லை. சிவப்பு ஒளிர்பட்டையை டிரெய்லர் சட்டத்தில் மட்டும் ஒட்டாமல், நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பின் நுனியிலும் ஒரு பலகையில் ஒட்டிக் கட்டித் தொங்கவிடுங்கள்.

மேட்டாங்காடு:
உண்மை. பஞ்சர் ஆகி ரோட்டோரம் நிற்கும்போதும் பின்னால் தூரத்தில் எதையாவது வைக்க வேண்டும். நாங்கள் இப்போது வண்டியிலேயே இரண்டு முக்கோண ரிப்ளெக்டர் வைத்திருக்கிறோம்.

தம்பி, இன்னொரு விஷயம். டிரெய்லருக்குத் தனியாகப் பதிவு உண்டு, டிராக்டர் இன்ஷூரன்ஸில் டிரெய்லரையும் சேர்க்கச் சொல்லுங்கள். விவசாய டிராக்டர் என்று பதிந்துவிட்டு அடுத்தவர் லோடை வாடகைக்கு அடித்தால், விபத்து நடக்கும்போது இன்ஷூரன்ஸ்காரர்கள் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். நாலைந்து பேர் கரும்பு ஏற்றுவது உறுதி என்றால் பதியும் முன்பே ஆர்டிஓ ஆபீசில் கேட்டு எழுத்தில் தெளிவு செய்துகொள்ளுங்கள்.

விலை விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் ஏற்காதீர்கள்.

கெடிலக்கரை:
நேற்று ஒரு ஷோரூமில் 50 எச்பி நாலு சக்கர டிரைவ் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். எங்கள் தரைப்பாலத்துக்கே கொண்டுவந்து, பக்கத்து வீட்டு டிரெய்லரில் ஏழு டன் கரும்போடு மாட்டி ஏற்றிக் காட்டச் சொன்னேன். முதலில் தயங்கினார்கள், பிறகு வந்தார்கள். லோ இரண்டில் நிற்காமல் ஏறியது, மூக்கு தூக்கவில்லை. டிரெய்லர் இரண்டு சக்கரம்தான், பிரேக்கோடு, பண்ருட்டியில் விலை கேட்டிருக்கிறேன். 12 டன் என்பதை 9-ஆகக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் முடிவு செய்தோம், ஒரு நடை கூடினால் கூடட்டும் என்று அப்பாவே சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. டயரில் தண்ணீர் அடைத்தால் டியூப் வாய் துருப்பிடிக்கும் என்கிறார்களே?

பட்டறை 28:
சாதாரணத் தண்ணீர் அடைத்தால் பயப்பட வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால்தான் வால்வு அரிக்கும், ஆற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ அடையுங்கள். வால்வை மேலே வருமாறு சக்கரத்தை நிறுத்தி, ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு அடைக்க வேண்டும். வால்வு மட்டத்துக்குத் தண்ணீர் வந்ததும் நிறுத்திவிட்டு மீதிக்குக் காற்று பிடியுங்கள். காற்று பார்க்கும்போது வால்வு மேலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் கேஜுக்குள் தண்ணீர் ஏறிவிடும்.