ஹைபாட் (உயர் வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும்) டெஸ்டில் 1450 வோல்ட்டிலேயே ஃபெயில் ஆகிறது, எங்கே பார்ப்பது?

கேள்வி:
எர்த் பின் இல்லாத, கிளாஸ் 2 அடாப்டர் போர்டு ஒன்று செய்திருக்கிறேன். ஐஇசி 62368-1 என்ற பாதுகாப்புத் தரச் சோதனைக்கு லேபுக்கு அனுப்பும் முன் நானே ஹைபாட் போட்டுப் பார்த்தேன். ப்ரைமரிக்கும் (மெயின்ஸ் பக்கம்) செகண்டரிக்கும் (அவுட்புட் பக்கம்) நடுவே 3000 வோல்ட் ஏசி, 1 நிமிடம். 1450 வாக்கில் வந்ததுமே மெஷின் ட்ரிப் ஆகிவிடுகிறது. பொறியில்லை, சத்தமில்லை, கருகிய வாசனையும் இல்லை. டிரான்ஸ்பார்மரை இரண்டு முறை பிரித்துச் சுற்றியாகிவிட்டது. அனுப்பும் நாள் நெருங்குகிறது, உதவுங்கள்.

பதில் 1:
டிரான்ஸ்பார்மரை விடுங்கள். ட்ரிப் கரண்ட் (எவ்வளவு கரண்ட் போனால் மெஷின் நிற்கும் என்ற வரம்பு) எவ்வளவு? ப்ரைமரியையும் செகண்டரியையும் இணைக்கும் ஒய் கெபாசிட்டர் (இரைச்சலைக் குறைப்பது) உண்டா?

கேட்டவர்:
1 மில்லி ஆம்பியர், 50 ஹெர்ட்ஸ். ஒய்1 கெபாசிட்டர், 2.2 நானோஃபாரட்.

பதில் 1:
அப்படியானால் இன்சுலேஷன் உடையவில்லை. அந்தக் கெபாசிட்டர் வழியாகவே 1450 வோல்ட்டில் 1 மில்லி ஆம்பியர் போகும், 3000-ல் 2.1 வரை போகும். மெஷின் அதைத்தான் ஃபெயில் என்கிறது. ட்ரிப் வரம்பை அதற்கு மேல் ஏற்றுங்கள், அல்லது கெபாசிட்டர் வழியே தொடர்ந்து போகாத டிசியில் 4242 வோல்ட் கொடுங்கள். 3000 ஏசியின் உச்சம் அதுதான். டிசியில் முடித்ததும் டிஸ்சார்ஜ் செய்யாமல் போர்டில் கை வைக்காதீர்கள், தயவுசெய்து.

கேட்டவர்:
டிசியில் 1 நிமிடம் தாங்கியது! நன்றி சார். அப்படியே அனுப்பிவிடலாமா?

பதில் 2:
பொறுங்கள். ஹைபாட் பாஸ் ஆனால் இடைவெளி சரி என்று ஆகாது. புதுப் போர்டில் 3 மி.மீ.கூடத் தாங்கிவிடும், தூசியும் ஈரமும் படிந்த பிறகு என்ன ஆகும் என்பதற்குத்தான் கிரீபேஜ் (போர்டின் மேற்பரப்பு வழியே உள்ள தூரம்) அளவே இருக்கிறது. ஒர்க்கிங் வோல்டேஜ் 250, பொல்யூஷன் டிகிரி 2 (சாதாரண அறைச் சூழல்), சாதாரண எஃப்ஆர்4 (ஃபைபர்கிளாஸ்) போர்டு என்றால் ரீஇன்ஃபோர்ஸ்டு (இரட்டைக் காப்புக்குச் சமமான) இன்சுலேஷனுக்கு 5 மி.மீ. வேண்டும். ஆப்டோகப்ளருக்கு (இரு பக்கங்களுக்கும் நடுவே ஒளியால் சிக்னல் கடத்தும் சிப்) அடியில் அளந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் காப்பர் உள்ளே நீண்டிருக்கும்.

கேட்டவர்:
அளந்தேன். 3.2 மி.மீ. கிரவுண்ட் காப்பர் உள்ளே வந்திருக்கிறது. நடுவில் ஸ்லாட் வெட்டினால் போதுமா?

பதில் 2:
1 மி.மீ. அகலமாவது இருந்தால்தான் ஸ்லாட் கணக்கில் வரும். அதுவும் கிரீபேஜைத்தான் கூட்டும். காற்று வழி கிளியரன்ஸ் அப்படியேதான் இருக்கும். காப்பரைப் பின்னுக்கு இழுங்கள், அதோடு ஸ்லாட்டும் போடுங்கள்.

கேட்டவர்:
அனுப்புவதைத் தள்ளிவைத்துவிட்டேன். லேஅவுட்டைத் திருத்திப் புதுப் போர்டில் அளந்துவிட்டு எழுதுகிறேன்.