பிச்சாவரம் ராம்சார் இடம் என்று மனுவில் எழுதினால் போதுமா?

கிள்ளைத் துடுப்பு:
அப்பா பிச்சாவரம் கழியில் நண்டு பிடிப்பவர். பங்குனியிலிருந்து பக்கத்து இறால் பண்ணை ஒன்று ராத்திரியோடு ராத்திரியாகக் கழிவுத் தண்ணீரை வாய்க்காலில் விடுகிறது. விடிந்து பார்த்தால் ஒரே நுரை, வலையில் ஒன்றுமில்லை. பசுமைத் தீர்ப்பாயத்துக்கு நானே மனு எழுதுகிறேன். வக்கீல் வைக்க வசதியில்லை. 2022-இல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டதே, ஈரநிலங்களைக் காக்கும் உலக ஒப்பந்தத்தில் உள்ள இடம் என்று சொன்னால் போதாதா?

மஞ்சக்குப்பம் குமாஸ்தா:
தம்பி, முப்பது வருஷம் வக்கீல் ஆபீசில் மனு கட்டியவன் சொல்கிறேன். ராம்சாரைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள். 1982-லேயே இந்தியா அதில் சேர்ந்துவிட்டது, சரி. ஆனால் அரசு கையெழுத்துப் போட்டதாலேயே ஒப்பந்தம் இங்கே சட்டமாகிவிடாது. அதை நடைமுறைப்படுத்தச் சட்டம் போடும் அதிகாரத்தை அரசமைப்பின் 253-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்குத் தருகிறது.

உலகக் கொள்கைகள் நம் கோர்ட்டுக்குள் வந்தது பாலாற்று வழியாக. வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்ததாக வந்த வழக்கில், 1996-இல், உச்ச நீதிமன்றம் ஸ்டாக்ஹோம், ரியோ சுற்றுச்சூழல் மாநாடுகளைப் பேசிவிட்டு, கேடு வருமுன் தடுக்கும் முன்னெச்சரிக்கையும் ‘கெடுத்தவனே செலவைக் கட்டு’ என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அதே வருஷம் டிசம்பரில் இறால் பண்ணை வழக்கு. பாரம்பரிய முறைப் பண்ணை தவிர, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வேறெதுவும் கூடாது என்றார்கள். புதுச்சேரிக் கரையும் அதில் உண்டு. கோர்ட் வாசலில் எங்களுக்கு அன்று ஒரே சந்தோஷம். 2005-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அந்தத் தடையை முன்தேதியிட்டே எடுத்துவிட்டது!

உங்களுக்குப் பிடிமானம் 2010-ஆம் ஆண்டு தீர்ப்பாயச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு. பாலாற்று வழக்கில் சொன்ன அந்த இரண்டு கொள்கைகளையும் தீர்ப்பாயம் கைக்கொண்டே ஆக வேண்டும், அதனால் ரியோவுக்கெல்லாம் போக வேண்டாம். ஆனால் 1974 தண்ணீர்ச் சட்டமோ 1986 சுற்றுச்சூழல் சட்டமோ மீறப்பட்டதைக் காட்ட வேண்டும். 2005 இறால் பண்ணைச் சட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், தீர்ப்பாயம் விசாரிக்கும் சட்டங்களின் அட்டவணையிலேயே அது இல்லை. கெடு 6 மாதம். காரணம் சொன்னால் இன்னும் 60 நாள். கழிவு முதன்முதலில் வந்த தேதியைக் குறித்தாயிற்றா?

முத்தியால்பேட்டை மாணவி:
ஐயா, 2017 ஈரநில விதிகளில் ராம்சார் இடங்கள் நேரடியாகவே வருகின்றனவே? சட்டக் கல்லூரியில் அப்படித்தான் படித்தோம்.

மஞ்சக்குப்பம் குமாஸ்தா:
வருகின்றனம்மா. கீழே உள்ள விலக்கையும் படியுங்கள். வனச் சட்டத்துக்கும் கடலோர மண்டல அறிவிக்கைக்கும் உட்பட்ட இடங்களுக்கு அந்த விதி பொருந்தாது. பிச்சாவரம் காப்புக்காடு. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் தூக்கிப் போடுவார்.

கிள்ளைத் துடுப்பு:
தேதி அப்பாவுக்குத் தெரியும், பங்குனி உத்திரத்துக்கு மறுநாள். போனில் படமும் இருக்கிறது. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வைக்கட்டுமா?

மஞ்சக்குப்பம் குமாஸ்தா:
படத்தை அழித்துவிடாதீர்கள். நீங்கள் பிடித்த தண்ணீர் மட்டும் சாட்சியாக நிற்பது கஷ்டம். மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் புகார் போடுங்கள், அவர்களே முறைப்படி வந்து எடுக்கட்டும். தபால் ரசீதை மனுவோடு இணையுங்கள். கட்டணம் 1000 ரூபாய்; நஷ்ட ஈடு கேட்டால் கணக்கு வேறு.