டெர்மினலில் எங்கே மாட்டுகிறார்கள்: வேலூர் வட்டாரத்தில் பார்த்தவை

காட்பாடி:
தோல் கம்பெனி அலுவலகம், ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ், அச்சகம், பள்ளி லேப் என்று நம் பக்கம் பல இடங்களில் மூலையில் ஓர் உபுண்டுவோ டெபியனோ ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வருபவர்கள் எல்எஸ், சிடி, சிபி வரை சிரமப்படுவதில்லை. அதற்கு அப்புறம் எங்கே சிக்குகிறார்கள்? நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். "நான் லினக்ஸுக்கு வந்த கதை" வேண்டாம். திரையில் என்ன வந்தது, ஏன் வந்தது, எதைத் தட்டினால் தீரும், அது போதும். கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரி தமிழிலேயே எழுதுவோம். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் மட்டும் சொல்லிவிடுங்கள்.

ராணிப்பேட்டை:
முதலிடம் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்ற பிழைக்குத்தான். புதியவர் டிஎஃப் -எச் தட்டுவார், 40 சதவீதம் காலி என்று காட்டும். மெஷின் பொய் சொல்கிறது என்று ரீபூட் செய்வார். மெஷின் பொய் சொல்லவில்லை, கேள்விதான் வேறு.

இடம் இருந்தும் ஐநோடு (ஒவ்வொரு ஃபைலின் விவரத்தையும் வைக்கும் பதிவு) தீர்ந்திருக்கலாம். இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யும்போதே 16 கேபிக்கு ஒன்று என்ற கணக்கில் ஐநோடுகள் ஒதுக்கப்படுகின்றன. 100 ஜிபிக்குச் சுமார் 65 லட்சம். ஒரு ஃபைலுக்கு ஓர் ஐநோடு. ஃபைல் ஒரு பைட்டாக இருந்தாலும் அதே செலவு. பிஎச்பி செஷன் ஃபைல்கள், தேங்கிப்போன மெயில் கியூ, இவைதான் வழக்கமாகத் தின்பவை. டிஎஃப் -ஐ தட்டினால் 100 சதவீதம் என்று காட்டிவிடும். எந்த ஃபோல்டர் என்று தேட, டியூ --ஐநோட்ஸ் -எக்ஸ் / என்று ஓட்டி, பைப் (| குறி) போட்டு சார்ட் -என், மறுபடி பைப் போட்டு டெயில் -20.

ஃபோல்டர் கிடைத்ததும் ஆர்எம் * தட்டுவார்கள். "ஆர்கியூமென்ட் லிஸ்ட் டூ லாங்" என்று திருப்பி அடிக்கும். நட்சத்திரத்தை விரித்துக் கொடுப்பது ஷெல். லட்சக்கணக்கான பெயர்களை ஒரே கட்டளையில் கெர்னல் வாங்காது. அங்கே ஃபைண்ட் வேண்டும்: அந்த ஃபோல்டர், -டைப் எஃப், -எம்டைம் +7, கடைசியில் -டிலீட். முதல் ஓட்டத்தில் -டிலீட் போடாமல் டபிள்யூசி -எல் பக்கம் பைப் செய்து எண்ணிக்கை பாருங்கள். -டிலீட் எப்போதும் கடைசியில்தான் வர வேண்டும். ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் படிக்கும். -எம்டைமுக்கு முன்னால் -டிலீட் வந்தால் நேற்றைய ஃபைல், இன்றைய ஃபைல் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

ஐநோடும் இருக்கிறது, ஆனால் 30 ஜிபி லாகை அழித்தும் டிஎஃப் குறையவில்லை என்றால், அந்த லாகை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. ஆர்எம் பெயரைத்தான் எடுக்கும். திறந்து வைத்திருப்பவர் மூடும்வரை இடம் திரும்பாது. எல்எஸ்ஓஎஃப் +எல்1 தட்டுங்கள் (எல் பெரியது). அப்படிப் பெயரிழந்த ஃபைல்களும், பிடித்திருக்கும் பிராசஸ் எண்ணும் வரும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் உடனே திரும்பும். ஓடிக்கொண்டிருக்கும் லாகை ஆர்எம் செய்யாமல் ட்ரங்கேட் -எஸ் 0 செய்வது நல்லது.

இன்னொன்றும் உண்டு. இஎக்ஸ்டி4 தன் இடத்தில் 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும். 1 டிபி டிஸ்க்கில் அது 50 ஜிபி. வெறும் டேட்டா டிஸ்க் என்றால் டியூன்2எஃப்எஸ் -எம் 1 கொடுத்து 1 சதவீதமாக்கலாம். சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனில் கை வைக்க வேண்டாம். டிஸ்க் நிரம்பிய ராத்திரியில் ரூட்டாக லாகின் ஆகி எதையாவது செய்ய முடிவதே அந்த 5 சதவீதத்தால்தான்.

குடியாத்தம்:
இதோடு ஜர்னலையும் (சிஸ்டம் தானாக எழுதும் லாக்) பாருங்கள். ஜர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ் அளவைச் சொல்லும், --வேக்கம்-சைஸ்=200எம் (எம் பெரியது) குறைத்துவிடும். அதுவாக வளர்ந்தாலும் டிஸ்க்கில் 10 சதவீதம் அல்லது 4 ஜிபி, எது குறைவோ அதோடு நிற்கும். /பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்து நிரம்பியிருந்தால் பழைய கெர்னல்கள்தான் காரணம்; ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ். கையால் ஆர்எம் வேண்டாம்.

சத்துவாச்சாரி:
எனக்குக் கோபம் வருவது 777-இல். "பர்மிஷன் டினைடு" வந்ததும் சிஹெச்மோட் -ஆர் 777 (ஆர் பெரியது), அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும். பாதிக்கு மேல் அதனால் தீர்வதும் இல்லை. ஃபைலை அடைய, மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் எக்ஸ் அனுமதி வேண்டும். வாசலில் ஒன்று பூட்டியிருந்தால் உள்ளே எத்தனை திறந்து வைத்தும் பயனில்லை. நேம்ஐ -எல் போட்டு முழுப் பாதையைக் கொடுங்கள். ரூட்டிலிருந்து ஃபைல் வரை ஒவ்வொரு படியின் உரிமையாளரும் அனுமதியும் வரிசையாக வரும். எங்கே நிற்கிறது என்று கண்ணாலேயே தெரியும்.

பழைய பாடக் குறிப்புகளைப் பார்த்து /ஹோம் உள்ளே வெப்சைட் வைப்பவர்கள் இப்போது அதிகம் மாட்டுவதும் இதனால்தான். உபுண்டு 21.04 முதல் புதிய யூசரின் ஹோம் ஃபோல்டர் 750-ஆகத்தான் உருவாகிறது, முன்பு 755. வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் உள்ளே நுழையவே முடியாது. சைட்டை /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ-க்கு மாற்றுங்கள், ஹோமைத் திறந்து விடாதீர்கள். திறந்து விட்டால் எஸ்எஸ்எச் சிக்கலும் வரும்: ஹோமில் வேறொருவர் எழுத முடியும் என்றால் எஸ்எஸ்எச்டி உங்கள் கீயை மதிக்காது, சும்மா பாஸ்வேர்டு கேட்கும். காரணத்தை உங்கள் திரையில் சொல்லாது. சர்வரில் ஜர்னல்சிடிஎல் -யூ எஸ்எஸ்எச் பார்த்தால் "பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்" என்று இருக்கும். .எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, ஆத்தரைஸ்டு கீஸுக்கு 600.

யூசர்மோட் இன்னொரு கண்ணி. ஒருவரை டாக்கர் குரூப்பில் சேர்க்க -ஜி (பெரிய ஜி) மட்டும் போட்டால், அவர் இருந்த மற்ற துணைக் குரூப்கள் எல்லாம் போய்விடும், சுடோவும் சேர்த்து. சின்ன ஏ-வையும் சேர்த்து -ஏஜி போட வேண்டும். தட்டியபின் வெளியே வராமல் ஐடி என்று தட்டி யூசர் பெயரையும் கொடுத்துப் பாருங்கள். பெயர் இல்லாத ஐடி நடப்பு லாகினின் பழைய பட்டியலைக் காட்டி ஏமாற்றும். பெயரோடு தட்டினால்தான் இப்போது பதிவாகியிருப்பது தெரியும். சுடோ போயிருந்தால் அதே ஜன்னலில் உடனே திருத்த முயலுங்கள். லாக்-அவுட் ஆகிவிட்டால் கிரப் மெனுவில் ரிகவரி மோடு, ரூட் ஷெல், மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /, பிறகு யூசர்மோட் -ஏஜி சுடோ. இதற்கு மெஷின் முன்னால் போய் உட்கார வேண்டும்.

ஆற்காடு:
கரண்ட் விஷயத்தை யாரும் தொடவில்லையே. பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தி, சாயங்காலம் கரண்ட் வந்ததும் சர்வர் எழுந்திருக்காது. பேக்கப்புக்கு யூஎஸ்பி டிஸ்க் மாட்டி /ஈடிசி/எஃப்எஸ்டேபில் (எந்த டிஸ்க்கை எங்கே மவுன்ட் செய்வது என்ற பட்டியல்) எழுதியிருப்பார்கள். இடையில் யாரோ டிஸ்க்கைக் கழற்றியிருப்பார்கள். மெஷினை எழுப்பும் சிஸ்டம்டி அந்த டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். அந்த வரியில் டிஃபால்ட்ஸுக்குப் பக்கத்தில் கமா போட்டு நோஃபெயில் சேருங்கள். /டெவ்/எஸ்டிபி1 என்று எழுதாமல், பிஎல்கேஐடி காட்டும் யூயூஐடியை எழுதுங்கள். எஸ்டிபி நாளைக்கு எஸ்டிசி ஆகும். சேமித்தபின் ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை, பிறகு மவுன்ட் -ஏ. இரண்டிலும் பிழை எதுவும் வராவிட்டால்தான் ரீபூட்.

பழைய மெஷினில் இன்னொரு வேடிக்கை. கரண்ட் போய் வந்தபின் ஏபிடி அப்டேட், "ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் எட்" என்று சொல்லும். எந்த எச்டிடிபிஎஸ் தளமும் திறக்காது. நெட்டைக் குறை சொல்வார்கள். டேட் தட்டிப் பாருங்கள், வருஷமே பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி செத்திருக்கிறது. பேட்டரியை மாற்றி, டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ.

டிஸ்க்கைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே-வை மவுன்ட் ஆகியிருக்கும் பார்ட்டிஷனில் ஓட்டாதீர்கள், எச்சரிக்கை வந்தால் ஒய் அழுத்தாதீர்கள். யூபிஎஸ் வாங்கும்போது யூஎஸ்பி போர்ட் உள்ளதாக வாங்குங்கள். அது இல்லாவிட்டால் பேட்டரி தீரப்போகிறது என்று சர்வருக்கு யார் சொல்வது?

ராணிப்பேட்டை:
ஆற்காடு சார் சொன்ன நோஃபெயிலில் ஒரு பக்கவிளைவு. டிஸ்க் இல்லாமலே சர்வர் எழுந்துவிடும், /பேக்கப் வெறும் ஃபோல்டராக நிற்கும், ராத்திரி பேக்கப் அதற்குள் எழுதி சிஸ்டம் பார்ட்டிஷனையே நிரப்பும். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியாக மவுன்ட்பாயின்ட் -கியூ /பேக்கப், இரண்டு பைப் குறி, எக்ஸிட் 1 போடுங்கள். ஏற்கெனவே நடந்து, அதன்மேல் டிஸ்க்கையும் மாட்டியாகிவிட்டதா? அடியில் புதைந்த ஃபைல்கள் டியூவில் வராது, டிஎஃபில் மட்டும் கனக்கும். மவுன்ட் --பைண்ட் / /எம்என்டி செய்து, /எம்என்டி/பேக்கப் உள்ளே பாருங்கள், கிடைக்கும்.

வாலாஜாபேட்டை:
தமிழ்ப் பெயருள்ள கோப்புகளைப் பற்றிப் பாடங்களில் வருவதே இல்லை, நம் அலுவலகங்களில் தினமும் வருகிறது. இஎக்ஸ்டி4-இல் கோப்புப் பெயரின் உச்சவரம்பு 255 பைட். எழுத்து அல்ல, பைட். யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். புள்ளியும் ஒரு குறியீடு, கொம்பும் ஒரு குறியீடு. "வேலூர்" நமக்கு மூன்று எழுத்து. பிரின்ட்எஃப் வேலூர் என்று தட்டி டபிள்யூசி -சி-க்கு பைப் செய்தால் 18 வரும். -எம் கொடுத்தால் 6. ஆக ஒரு பெயருக்கு 85 குறியீடுதான், பிடிஎஃப் என்ற வாலுக்கும் இடம் விட்டால் 83. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கணக்கு வேறு, தமிழ்க் குறியீட்டையும் ஒன்றாகவே எண்ணி 255 வரை விடும். அதனால் "தீர்மான நகல்" என்று தொடங்கி ஒரு முழு வாக்கியமாகப் பெயர் வைத்த கோப்பு அங்கே நன்றாக இருக்கும், இங்கே நகலெடுக்கும்போது "ஃபைல் நேம் டூ லாங்". விண்டோஸ் பக்கத்திலேயே பெயரைச் சுருக்கிவிட்டு அனுப்புவதுதான் வழி.

இதைவிடக் குழப்பமானது ஒரே பெயரில் இரண்டு கோப்புறை. எல்எஸ் தட்டினால் "கொணவட்டம்" இரண்டு முறை வரும், எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோல இருக்கும். ஒன்றில் "கொ" என்பது ககரமும் ஒகரக் குறியும். மற்றதில் ககரம், எகரக் கொம்பு, கால் என்று மூன்று துண்டு. முதலாவது 27 பைட், அடுத்தது 30. பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டுள்ள மேக் இப்படிப் பிரித்துத்தான் வைக்கும், அச்சகத்திலிருந்து வரும் பென்டிரைவில் இதைப் பார்க்கலாம். தட்டித் தேடினால் ஒன்றுதான் மாட்டும், மற்றது கண்ணெதிரே இருந்தும் "நோ சச் ஃபைல்". கான்வ்எம்வி நிறுவி, -எஃப் யூடிஎஃப்8 -டி யூடிஎஃப்8 --என்எஃப்சி -ஆர் கொடுத்து, கடைசியில் கோப்புறைக்குப் புள்ளி. இது ஒத்திகைதான், எதையும் மாற்றாது. பட்டியலைப் படித்துவிட்டு --நோடெஸ்ட் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். இரட்டையாக இருப்பவற்றின் உள்ளடக்கத்தை அதற்கு முன்பே ஒன்றாக்கிவிட வேண்டும்.

கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 திரையில் தமிழ் கட்டங்கட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அந்தத் திரைக்கு 512 வடிவங்களுக்கு மேல் தாங்காது. எஸ்எஸ்எச் வழியாக வந்து பாருங்கள்.

காட்பாடி:
வாட்ஸப்பில் கட்டளை அனுப்புகிற பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரட்டை ஹைஃபன் ஒரே நீளக் கோடாகவும், நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாகவும் மாறிவிடும். ஷெல்லுக்கு இரண்டும் புரியாது. நோட்பேடில் எழுதிய ஸ்கிரிப்ட் "பேட் இன்டர்பிரிட்டர்" என்று சொன்னால் வரி முடிவில் விண்டோஸ் குறி ஒட்டியிருக்கிறது, டாஸ்2யூனிக்ஸ் போதும்.

ஆரணி:
கிரான், அதாவது குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டுவது. கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை. பெரும்பாலும் இரண்டே காரணம். கிரானின் பாத் சின்னது, /யூஎஸ்ஆர்/பின், /பின் அவ்வளவுதான். கட்டளைகளை முழுப் பாதையோடு எழுதுங்கள். இரண்டாவது, சதவீதக் குறி. பேக்கப் பெயரில் தேதி சேர்க்க டேட் +%எஃப் (எஃப் பெரியது) என்று போட்டால், கிரான் அந்த % குறியைப் புது வரி என்று எடுத்துக் கட்டளையை அங்கேயே வெட்டிவிடும். முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போடுங்கள்.

வாடகை சர்வர் என்றால் நேரமும் பாருங்கள். பெரும்பாலும் யூடிசி-யில் இருக்கும். ராத்திரி 2 மணி என்று எழுதிய பேக்கப் நம் ஊர் காலை 7.30-க்கு, கடை திறக்கும் நேரத்தில் ஓடும். டைம்டேட்சிடிஎல் செட்-டைம்ஸோன் ஏஷியா/கொல்கத்தா (இரண்டு சொல்லிலும் முதலெழுத்து பெரியது), பிறகு கிரான் சர்வீஸையும் ரீஸ்டார்ட்.

திருப்பத்தூர்:
பழகுவதற்கு எந்த மெஷின் என்று தம்பிகள் கேட்கிறார்கள். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் கிடந்தால் அதுவே போதும். அதில் சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான், ஆனால் இப்போதைய டெபியனைப் போடுங்கள். இன்ஸ்டாலரில் டெஸ்க்டாப் குறியை எடுத்துவிட்டு எஸ்எஸ்எச் சர்வரையும் ஸ்டாண்டர்டு யுடிலிட்டீஸையும் மட்டும் வையுங்கள். 2 ஜிபி ராமில் தாராளமாக ஓடும். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் வைஃபை ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரிலேயே இருக்கிறது, தனியாகத் தேட வேண்டாம். மூடியை இறக்கினால் தூங்கிவிடும். /ஈடிசி/சிஸ்டம்டி/லாகின்டி.கான்ஃப் ஃபைலில் ஹேண்டில்லிட்ஸ்விட்ச்=இக்னோர் (ஹேண்டில், லிட், ஸ்விட்ச் மூன்றின் முதலெழுத்தும் பெரியது) எழுதி ரீபூட் செய்யுங்கள்.

குடியாத்தம்:
சித்திரை வெயிலில் மூடியை முழுக்க இறக்காதீர்கள், பல மாடல்களில் சூடு கீபோர்டு வழியாகத்தான் வெளியேறும். எல்எம்-சென்சார்ஸ் போட்டு மதியம் 2 மணிக்கு ஒரு தடவை பாருங்கள். மூடியைத் திறந்து வைத்தால் திரை எரிந்துகொண்டே இருக்குமே என்பவர்கள், /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் ஃபைலில் உள்ள கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட் வரியில் கன்சோல்பிளாங்க்=60 சேர்த்து அப்டேட்-கிரப் ஓட்டினால் 60 விநாடியில் திரை தானாக அணையும்.