ஜாவாவின் நாற்றூண் கூடத்தை நம் கடற்கரை வீட்டுப் பணியறையாக்க முடியுமா?

கேள்வி: உச்சிப்புளி மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். உச்சிப்புளிக்குத் தெற்கே, கடலிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உள்ளே, எங்கள் பனந்தோப்பு வீட்டிலிருந்தே ஆறு ஆண்டுகளாக மொழிபெயர்ப்பு வேலை செய்து வருகிறேன். வேலை செய்யும் அறை தளம் போட்டது. பிற்பகலில் தளம் வாங்கிய சூடு இரவு பத்து மணி வரை இறங்குவதில்லை. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து மேசைமேல் விழத் தொடங்கிவிட்டதால், அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட முடிவு செய்திருக்கிறோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்தோனேசியாவின் ஜாவாவில், யோக்யகர்த்தா அருகே, ‘ஜோக்லோ’ எனப்படும் பழைய மரபு மரவீடு ஒன்றில் நான்கு மாதம் தங்கி வேலை செய்தேன். நடுவில் நான்கு பெருந்தேக்குத் தூண்கள். அவற்றை ‘சோகோ குரு’ என்கிறார்கள். அவற்றின் தலைமேல் விட்டங்கள் அடுக்கடுக்காக ஏறி நிற்கும். அந்த அடுக்கு ‘தும்பாங் சாரி’. அதற்கு மேலே கூரை செங்குத்தாக உயர்ந்து, சுற்றிலும் தாழ்வாகப் பரந்து இறங்கும். எத்தனை வெயிலிலும் அந்தக் கூடத்தில் தலைக்கு மேல் சூடு தேங்கியதாக எனக்கு நினைவில்லை. வீட்டின் முன்னாலுள்ள திறந்த கூடத்துக்கு ‘பெண்டோபோ’ என்று பெயர். அது ‘மண்டபம்’ என்ற வடசொல்லின் திரிபு என்று அங்கே கேட்டபோது, பக்கத்து ஊரான மண்டபத்தின் ரயில் நிலையத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த வீடு அயலாகவே தோன்றவில்லை.

18 அடிக்கு 18 அடி அளவில் அப்படியொரு பணியறை வேண்டும் என்பது என் ஆசை. ஜாவாவில் பழைய ஜோக்லோக்களைப் பிரித்துக் கப்பலேற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி வாங்குவதா, இங்கேயே கட்டுவதா? நம் காற்றுக்கும் உப்புக்கும் எதை மாற்ற வேண்டும்? நாள்தோறும் இரண்டு மூன்று முறை காணொலிக் கூட்டங்களில் பேச வேண்டியிருக்கிறது என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

மறுமொழி: கீழக்கரைத் தச்சர்

அன்புத் தங்கைக்கு, நாற்பது ஆண்டுகளாக மரவேலை செய்பவன் என்ற முறையில் முதலில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். ஜோக்லோவின் தூண்கள் மண்ணில் புதைக்கப்படுவதில்லை. ‘உம்பாக்’ என்னும் கல்பீடத்தின்மேல் நிற்கின்றன. ஆணியில்லாமல் துளையும் முளையுமாக இணைத்த மரச்சட்டம் அது. நிலம் ஆடும்போது தூண் கல்லின்மேல் சற்று அசைந்து கொடுக்கும், மூட்டுகளும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். 2006 மே 27 அன்று யோக்யகர்த்தாவை உலுக்கிய நிலநடுக்கத்தில் 5,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பதை நினைத்தால், அந்த ஊருக்கு அந்த நெகிழ்வு எவ்வளவு தேவை என்பது விளங்கும். கூரையின் பாரமே தூண்களைக் கல்லோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் அந்தக் கட்டுமானத்தின் நம்பிக்கை.

நம் கரையில் அந்த நம்பிக்கை போதாது. ஜாவாவுக்குத் தெற்கே உருவாகும் புயல்கள் பெரும்பாலும் தெற்கு நோக்கி விலகிப் போய்விடும். வங்கக் கடலில் உருவாகும் புயல்களோ நம் கரையைத் தேடி வருபவை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிக்கு நேர்ந்ததை இங்கே யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. சுவரில்லாத கூடத்துக்குள் புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து மேலே தள்ளும். அதே நேரத்தில் மேலே ஓடும் காற்று அதை இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் ஓட்டுப் பாரம் மட்டும் கூரையைப் பிடித்து வைக்காது. ஆகவே கல்பீடம் இருக்கட்டும், ஆனால் அதன் நடுவே துளையிட்டு, அடித்தளக் காங்கிரீட்டிலிருந்து தூணுக்குள் ஏறும் ஒரு துருப்பிடிக்காத எஃகுத் தண்டைப் பொருத்துங்கள். தூணோடு விட்டத்தையும், விட்டத்தோடு கைமரத்தையும் பட்டை போட்டு இணையுங்கள். எஃகு 316 தரமாக இருக்க வேண்டும். 304 தரம் நம் காற்றில் சில ஆண்டுகளிலேயே பழுப்புப் புள்ளி கண்டுவிடும். காற்று முதலில் பிடிப்பது தாழ்வாரத்தின் விளிம்பைத்தான் என்பதால், அதை இரண்டரை அடிக்கு மேல் நீட்டாதீர்கள். மங்களூர் ஓட்டில் கம்பி கட்டுவதற்கென்றே துளை உண்டு. பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. விளிம்பு வரிசைகளிலாவது ஒவ்வோர் ஓட்டையும் கட்டிவிடுங்கள்.

பழைய வீட்டை ஜாவாவிலிருந்து வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அது ஒரு குடும்பம் தலைமுறைகளாகக் குடியிருந்த வீடு. மேலும், இவ்வளவு மாற்றங்களுக்காக அந்தத் தூண்களைத் துளைத்துக் குடைவதைவிட, இங்கே கிடைக்கும் மரத்தில் புதிதாகச் செய்வது நேர்மையான வேலை. கீழக்கரையில் பழைய வீடுகள் இடிக்கப்படும்போது பர்மாத் தேக்குத் தூண்கள் விலைக்கு வருகின்றன. கைமரத்துக்கு வைரம் பாய்ந்த பனையை மிஞ்ச எதுவுமில்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்திருப்பதால், உங்கள் தோப்பு மரங்களில் கைவைக்காமல், பிரித்த வீடுகளின் பனஞ்சட்டங்களையே தேடுங்கள்.

மறுமொழி: ராமநாதபுரம் கட்டடக் கலைஞர்

தச்சர் ஐயா சொன்ன இணைப்பு முறை முற்றிலும் சரியானது. நான் திசையையும் இருக்கையையும் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நடு ஜாவாவில் மரபு வீடுகள் பெரும்பாலும் தெற்கு நோக்கியவை. தென்கடல் அரசியைப் பற்றிய நம்பிக்கை அதற்கு ஒரு காரணம். வெயிலும் அதற்கு ஒத்துழைக்கிறது. யோக்யகர்த்தா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 8 பாகையில் இருப்பதால், ஆண்டில் ஏழு மாதங்களுக்கு மேல் நண்பகல் சூரியன் வடபுறம் சாய்ந்து நிற்க, தெற்கு முகப்பு நிழலில் இருக்கும். நாம் வடக்கே 9 பாகையில் இருக்கிறோம். ஆகஸ்டு இறுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை நமக்குச் சூரியன் தென்புறம். எனவே ஜாவா வீட்டைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி, திறந்த பக்கத்தை வடக்கே வைக்க வேண்டும். தென்மேற்கை மூடிவிடுங்கள், கச்சான் காற்று மணலை அள்ளி வரும் மாதங்களில் அந்தச் சுவர்தான் உங்கள் மேசையைக் காக்கும். சுவரின் உச்சியில், கூரைக்குக் கீழே, ஓரடி உயர மரச்சட்டப் பின்னல் விட்டால், காற்று தலைக்கு மேலாகக் கடந்து உச்சிக் கூரையில் சேரும் சூட்டையும் அள்ளிக்கொண்டு போகும்.

வடக்கே திறந்தால் ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு மழைச்சாரலும் உள்ளே வருமே என்று கேட்பீர்கள். அதற்கான விடையும் ஜாவாவிலேயே இருக்கிறது. முன்கூடமான பெண்டோபோவுக்கும் உள்வீடான ‘தாலெம்’முக்கும் இடையில் ‘பிரிங்கித்தான்’ என்னும் இடைக்கூடம் உண்டு. ‘ரிங்கித்’ என்றால் கூத்துப் பாவை. நிழற்பாவைக் கூத்து நடக்கும் இடம் என்பதால் அந்தப் பெயர். அதற்குப் பின்னால் வீட்டைத் தடுப்பது ‘கெப்யோக்’ என்னும் கழற்றி மாட்டக்கூடிய மரத்தடுப்பு. கூடூஸ், ஜெபாரா ஊர்களின் செதுக்கு வேலைக்குப் பெயர் பெற்றது. உங்கள் மேசை இருக்க வேண்டிய இடம் பெண்டோபோ அன்று, இந்த இடைக்கூடமே. பெண்டோபோ விருந்தினரை அமர்த்துவதற்காக உருவான இடம். எட்டு மணி நேரம் திரையைப் பார்ப்பவருக்கு நாற்புறமும் வெளிச்சம் வந்தால் கண் கூசும், குரலும் திரளாமல் சிதறும்.

ஆகவே 18 அடியில் வடபுறம் 7 அடியைத் திண்ணைபோலத் திறந்து விடுங்கள். மீதி 11 அடி ஆழத்துக்கு மேசை, அலமாரி. இரண்டுக்கும் இடையே நான்கைந்து மரத்தடுப்புகள்: வாடையில் மாட்டவும், மாசியில் கழற்றி வைக்கவும் ஏற்றவை. அவற்றில் செதுக்கு வேலை வேண்டாம், சன்னமான சட்டங்களே போதும். காணொலிக் கூட்டங்களுக்காக, ‘செந்தோங்’ எனப்படும் உள்ளறையைப் போல, மூலையில் ஐந்தடிக்கு ஆறடியில் ஒரு மூடிய அறை இருக்கட்டும். ஜாவா வீட்டில் நடுச் செந்தோங் நெல்லின் தெய்வமான தேவி ஸ்ரீக்குரியது. அதனால் அந்த அமைதியை நாம் கடன் வாங்கும்போது நடுவிடத்தைத் தவிர்த்து ஓரத்தில் அமைப்பதே முறை என்று கருதுகிறேன்.

கட்டுமுன் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள். உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்கு அப்பால் என்றால் பெரும்பாலும் தடையிருக்காது.

மறுமொழி: பாம்பன் கணினி பழுதுபார்ப்பவர்

அக்கா, திறந்த கூடத்தில் கணினியை இரவு முழுவதும் விடாதீர்கள். ஈரக்காற்றில் உள்ள உப்பு சுற்றுப்பலகையில் படிந்து செம்புத் தடங்களை அரித்துவிடுகிறது. என்னிடம் வரும் இயந்திரங்களில் பாதி அப்படித்தான் வருகின்றன. மூடிய அறையில் கதவுள்ள மர அலமாரி ஒன்றைச் செய்து, வேலை முடிந்ததும் உள்ளே வைத்துப் பூட்டுங்கள். மின்செருகிகளைத் தூணில் பொருத்தாமல் தென்மேற்குச் சுவரின் உட்புறத்தில் பொருத்துவது நல்லது.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. கப்பலில் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். அந்த வீட்டைத் தந்தவர்களின் முகம் எனக்குத் தெரியும் என்பதால், தச்சர் அண்ணன் சொன்னது மனத்தைத் தொட்டது. எங்கள் இடம் கடலிலிருந்து தள்ளியிருந்தாலும் வரைபடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். வடக்குத் திண்ணையும் இடைக்கூடமும் என்ற அமைப்பிலேயே வரையச் சொல்லப் போகிறேன். அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும்: பழைய தேக்குத் தூண் வாங்கும்போது அது நல்லதா என்று எப்படிக் கண்டுகொள்வது?

மறுமொழி: கீழக்கரைத் தச்சர்

அடிப்பகுதியை முதலில் பாருங்கள், தங்கையே. கூர் உளியைத் தரையோடு ஒட்டியிருந்த பக்கத்தில் அழுத்தினால், உறுதியான மரத்தில் நுனி மட்டுமே இறங்கும். எளிதாக அரை அங்குலம் உள்ளே போனால் அந்தத் தூணை விட்டுவிடுங்கள். சுத்தியலால் தட்டும்போது மேலிருந்து கீழ்வரை ஒரே ஓசை வர வேண்டும். பழைய துளைகள் இருப்பது குறையன்று. ஆனால் விட்டம் வந்து சேரும் உயரத்தில் துளை இருக்கக் கூடாது. ஒன்பதடி தேவையென்றால் பத்தடித் தூணாக வாங்குங்கள், அடியில் ஓரடியை அறுத்துவிட்டுத்தான் கல்லில் ஏற்ற வேண்டும். கல்பீடத்தைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, மேற்பரப்பைச் சற்றே வெளிப்புறம் சரித்து, கல்லுக்கும் தூணுக்கும் இடையே ஒரு செப்புத் தகடு வையுங்கள். மதுரைப் பக்கத்துக் கருங்கல்லாக இருக்கட்டும். தூண்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் சொன்னால் நானும் உளியோடு வருகிறேன்.