மவுஸ் லேசாக நழுவினாலே ஃபோல்டர் இடம் மாறிவிடுகிறது: தடுக்க என்ன வழி?

பேரேடு:
வணக்கம். ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆறு கணினிகள், எல்லாம் விண்டோஸ் 10. உள்ளறைக் கணினியின் டி டிரைவில் வாடிக்கையாளர்களின் ஃபோல்டர்கள் மொத்தமும் இருக்கின்றன. மற்றவர்கள் நெட்வொர்க் வழியாகத் திறந்து வேலை செய்கிறோம்.

வரித் தணிக்கை அறிக்கைக்குச் செப்டம்பர் 30 கடைசி நாள். 28ஆம் தேதி காலையில் ஓர் அரிசி ஆலையின் ஃபோல்டரைக் காணவில்லை. முந்தின நாள் மாலை கடைசியாக அதைத் திறந்தது பயிற்சிக்கு வந்திருக்கும் பெண். "அழித்துவிட்டாயா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்கள். இரண்டு மணி நேரம் தேடிய பிறகு, பட்டியலில் அதற்கு மேலே இருந்த அச்சகத்தின் ஃபோல்டருக்குள் அது கிடந்தது. திறப்பதற்காக இரண்டு முறை அழுத்தும்போது அவள் கை நூலளவு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சிவந்த கண்களோடு அன்று இரவு எட்டு மணி வரை வேலை செய்துவிட்டுப் போனாள். எனக்கும் இப்படி நேர்ந்திருக்கிறது என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இழுத்து நகர்த்தும் வசதியை நிறுத்த முடியுமா? நகர்த்தும் முன் "நிச்சயமா?" என்று கேட்கும்படியாவது செய்யலாமா?

பழைய குமாஸ்தா:
உடனடி வைத்தியம் இரண்டு. இழுத்துக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிட்டால், மவுஸை விடாமல் எஸ்கேப் விசையை அழுத்துங்கள். விட்ட பிறகு தெரிந்தால், வேறு எதையும் தொடாமல் அதே கணினியில் கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்துங்கள், பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். என் அனுபவத்தில் பாதி விபத்துகள் ஃபோல்டர் சாளரத்தின் இடப்பக்கத்தில் கிளை கிளையாக விரியும் பட்டியலில்தான் நடக்கின்றன. வரிகள் அங்கே நெருக்கமாக இருக்கும். அதை மூடிவைத்தாலே நிறையக் குறையும். அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லிக்கொடுங்கள், தைரியம் வரும்.

வலைக்காவல்:
நகர்த்தும் முன் கேட்கும் அமைப்பு விண்டோஸில் இல்லை. ஒரே டிரைவுக்குள் இழுத்தால் நகர்த்தும், வேறு டிரைவுக்கு இழுத்தால் நகலெடுக்கும். அதனால்தான் உங்கள் டி டிரைவில் சத்தமில்லாமல் இடம் மாறுகிறது.

இழுப்பைத் தாமதப்படுத்தலாம். மவுஸ் 4 பிக்சல் (திரைப் புள்ளி) நகர்ந்தாலே இழுப்பதாக விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்றும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறங்கள். அதில் ஹெச்கீ கரண்ட் யூசர், அதற்குள் கண்ட்ரோல் பேனல், அதற்குள் டெஸ்க்டாப். அங்கே டிராக்ஹைட், டிராக்விட்த் என்ற இரண்டு மதிப்புகளையும் 4இலிருந்து 50 ஆக்குங்கள். வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் நடைமுறைக்கு வரும். இது அந்தந்தப் பயனர் கணக்குக்கு மட்டுமே. ஆறு கணினியிலும் ஒவ்வொருவர் கணக்கிலும் செய்ய வேண்டும்.

ஆனால் நான் இதோடு விடமாட்டேன். ஒரு ஃபோல்டரை நகர்த்த அதன் மீது "டெலீட்" அனுமதி வேண்டும். ஊழியர்களை ஒரு குழுவாக்கி, அந்த அனுமதியை அவர்களுக்கு மறுத்துவிடுங்கள். முதலில் ஒரு சோதனை ஃபோல்டரில் செய்து பாருங்கள்.

பேரேடு:
டிராக் மதிப்பை மாற்றியதும் நல்ல வித்தியாசம் தெரிகிறது, நன்றி. அனுமதியில்தான் சிக்கல். மேல் ஃபோல்டரில் டெலீட்டை மறுத்தேன். எக்செல் கோப்பைச் சேமிக்க முடியவில்லை. பிழைச் செய்தி வருகிறது. கூடவே பெயர் புரியாத, எட்டு எழுத்துக் கோப்புகள் ஃபோல்டரில் சேர்ந்துகொண்டே போகின்றன. சோதனை ஃபோல்டர் என்பதால் பிழைத்தேன்.

வலைக்காவல்:
தடையைக் கோப்புகள் வரைக்கும் இறக்கிவிட்டீர்கள். எக்செல் சேமிக்கும்போது முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி, பழையதை நீக்கிவிட்டு, புதியதற்கு அந்தப் பெயரை வைக்கும். நீக்க அனுமதி இல்லாததால் பாதியில் நிற்கிறது. நீங்கள் பார்த்த எட்டு எழுத்துக் கோப்புகள் அவைதான்.

அந்த விதியை எடுத்துவிடுங்கள். வாடிக்கையாளர் ஃபோல்டர்கள் எல்லாம் அடங்கிய மேல் ஃபோல்டரில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போய், ஊழியர் குழுவுக்குப் புதிய "டெனை" (மறுப்பு) விதி சேருங்கள். "அப்ளைஸ் டு" என்ற இடத்தில் "சப்ஃபோல்டர்ஸ் ஒன்லி". கீழே, இந்தப் பெட்டகத்துக்குள் (அதாவது இந்த ஃபோல்டருக்குள் நேரடியாக) இருப்பவற்றுக்கு மட்டும் பொருந்தும் என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். இதை மறந்தால் ஒவ்வொரு வாடிக்கையாளர் ஃபோல்டருக்குள்ளும் இருக்கும் ஆண்டுவாரி ஃபோல்டர்கள் வரைக்கும் தடை இறங்கிவிடும். விரிவான அனுமதிகளில் "டெலீட்" ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஊழியர் குழுவுக்கு மேல் ஃபோல்டரில் "ஃபுல் கண்ட்ரோல்" இருந்தால் "மாடிஃபை" ஆகக் குறையுங்கள். இல்லாவிட்டால் உள்ளிருப்பதை நீக்கும் உரிமை அந்த வழியாக வந்துவிடும், தடை வேலை செய்யாது.

பழைய குமாஸ்தா:
பெயர் மாற்றவும் அதே அனுமதிதானே வேண்டும்? வாடிக்கையாளர் நிறுவனம் பெயர் மாறினால் யார் மாற்றுவது?

வலைக்காவல்:
ஆமாம் ஐயா, பெயர் மாற்றமும் நின்றுவிடும். அதற்காகவே ஆடிட்டரின் கணக்கைக் குழுவில் சேர்க்கக் கூடாது.

பேரேடு:
செய்துவிட்டேன். ஆடிட்டர் சாரை அருகில் உட்காரவைத்து, அரிசி ஆலை ஃபோல்டரை வேண்டுமென்றே அச்சகத்துக்குள் இழுத்துக் காட்டினேன். அனுமதி இல்லை என்று பெட்டி வந்தது. எக்செல் ஒழுங்காகச் சேமிக்கிறது. உள்ளே ஆண்டுவாரி ஃபோல்டர்கள் இன்னும் நகரக்கூடியவைதான்; அங்கே 50 பிக்சல் காவல் போதும் என்று நினைக்கிறேன்.

சாரின் கணினியில் டிராக் மதிப்பை மாற்றுவதற்கு முன்பு, மவுஸ் எவ்வளவு நகர்ந்தால் ஃபோல்டர் கிளம்புகிறது என்றும் அவருக்குக் காட்டினேன். அவர் எழுந்து போய் அந்தப் பெண்ணிடம் பேசினார். மற்ற நான்கு கணினிகளிலும் இப்போது அவளே இதை மாற்றிக்கொண்டிருக்கிறாள்.