எலி வரும் பனிக்காலம்: எங்கள் குடும்பக் குழுவில்

செல்வி அத்தை: இரவெல்லாம் பரணில் ஓட்டம். விதைநெல் மூட்டையின் அடியைக் கடித்துவிட்டது. பனி இறங்கியதும் ஒவ்வோர் ஆண்டும் இதே பாடு. கடையில் எலிப் பசை வாங்கி வந்திருக்கிறேன். தேங்காய்ச் சில்லில் தடவி வைக்கட்டுமா அண்ணா?

கவிதா: அத்தை, வேண்டவே வேண்டாம்! அது மஞ்சள் பாஸ்பரஸ். தமிழ்நாட்டில் தடை செய்த பசை. அதைத் தின்றவர்களை எங்கள் மருத்துவமனை வார்டில் பார்த்திருக்கிறேன். முதலில் வாந்தி. பிறகு ஓரிரு நாள் எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசுவார்கள். அதன்பின் கல்லீரல் கெட்டுவிடும். முறிவு மருந்தே கிடையாது. பாப்பா தவழ்கிற வீடு அத்தை.

செல்வி அத்தை: ஐயோ! நல்லவேளை, இன்னும் திறக்கவில்லை. உறையோடு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

பெரியப்பா: முதலில் வழியை அடை செல்வி. பென்சில் நுழையும் ஓட்டை போதும், சுண்டெலி வந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே சிமென்ட் பூசு. துணியை அடைத்தால் ஒரே இரவில் கடித்துப் போட்டுவிடும். மூட்டையைப் பலகைமேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வை.

முரளி: பெரியப்பா, நான் வடை வைத்தும் பொறியில் ஒன்றுகூட விழவில்லை.

பெரியப்பா: புதுப் பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும். இரண்டு மூன்று இரவு பொறியை ஏற்றாமல் வடையை மட்டும் வை. தின்று பழகட்டும். சுவரோரமாக வை, அதுதான் அதன் பாதை.

முரளி: வயலில்?

பெரியப்பா: காலையில் பார்த்தேன். மனம் ஆறவில்லை. கதிர் வெளிவருமுன் பொதி கட்டிய சம்பா நெல், தூர் தூராக அரிவாளால் சீவியது போலச் சாய்வாக வெட்டிக் கிடக்கிறது. வரப்பை அகலமாக விட்டதுதான் நம் தவறு, அதில்தான் வளை தோண்டுகிறது. இன்று மாலை எல்லா வளையையும் மண்ணால் மூடு. காலையில் எது திறந்திருக்கிறதோ அதில் எலி இருக்கிறது. ஆந்தை உட்காரத் தென்னை மட்டையைத் தலைகீழாக நடு. கதிரில் பால் பிடித்ததும் பிடுங்கிவிடு, இல்லாவிட்டால் நெல் தின்னும் குருவிகள் வந்து உட்காரும்.

முரளி: கிட்டி, அதுதான் மூங்கில் வில் பொறி, வைப்பவர் வருவாரா?

பெரியப்பா: நாளை சாயங்காலம் வருகிறார். மூங்கில் கிட்டிகளை அவரே செய்தாராம், கொண்டுவருகிறார். நம் தஞ்சைச் சீமையில் இதற்கு ஈடான பொறியை நான் பார்த்ததில்லை. விஷமும் இல்லை, ஆடு மாடுக்கும் பயமில்லை.

கவிதா: முரளி, செத்த எலியை வெறுங்கையால் தொடாதே. காலில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றில் இறங்காதே. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும்.

முரளி: சரி அக்கா. கையுறை எடுத்துக்கொள்கிறேன்.

செல்வி அத்தை: கம்பி நார் வாங்கிவிட்டேன் அண்ணா. சமையலறைக் குழாய் போகும் ஓட்டையில்தான் எலி உரசிப் போன எண்ணெய்க் கறை. சிமென்ட் குழைத்துக்கொண்டிருக்கிறேன்.