கெந்திங் மலையில் குறைந்த செலவில் தங்க வழி சொல்லுங்கள்

உறவுகளுக்கு வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். ஓணம் விடுமுறைக்கு அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் கொச்சியிலிருந்து கோலாலம்பூர் போய், அங்கிருந்து கெந்திங் மலைக்குப் போகிறோம். அங்குள்ள கேசினோ (சூதாட்ட விடுதி) பக்கம் நாங்கள் போகப்போவதில்லை. 21 வயது நிரம்பாதவர்களுக்கு அங்கே அனுமதியும் இல்லை. கேபிள் கார், மலைக்குளிர், சின் சுவீ குகைக் கோயில் இவைதான் ஆசை.

அறை வாடகைதான் மலைக்க வைக்கிறது. 7,351 அறைகள் உள்ள ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலில் செவ்வாய்க்கிழமைக்குக் கட்டுப்படியாகும் விலை காட்டுகிறது. தேதியைச் சனிக்கிழமைக்கு மாற்றினால் அதே அறை மளமளவென்று ஏறிவிடுகிறது. வார நடுவில்தான் போவது என்று முடிவு செய்துவிட்டோம். வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் கட்ட வேண்டும். ஆகவே ஐந்து பேருக்கு ஓர் அறை போதுமா, இரண்டு வேண்டுமா?

மலையில் கீழே இருக்கும் கோத்தோங் ஜெயா என்ற ஊரில் தங்கினால் மலிவு என்கிறார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி; தினமும் அவரை ஏறி இறங்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஓர் இரவு மேலே தங்கி, மற்ற நாட்களைக் கோலாலம்பூரில் கழிப்பது மிச்சமாகுமா?

ஹோட்டலும் கேசினோவும் நடத்தும் கெந்திங் ரிசார்ட்டின் உறுப்பினர் அட்டைக்கான சலுகை வாடகை, சூதாடாத குடும்பங்களுக்கும் கிடைக்கிறதா? போய் வந்த அண்ணன்மார், அக்காமார் தயவுசெய்து சொல்லுங்கள். விமான டிக்கெட் எடுத்தாயிற்று, அறைதான் பாக்கி.